ஏற்காடு ஏரியில் அலாஸ்கா வெள்ளோட்டம்

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் முதல் ஒரு வருஷம் புகுந்த வீட்டில் எதுவும் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வாள். அப்புறம் ஆயுசு முழுக்கப் பேசிக்கொள்ளலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? நான் வந்த நாலாவது மாசமே பேச ஆரம்பித்துவிட்டேன். அதுவும் எனக்குத் துளியும் தெரியாத விஷயத்தைப் பற்றி, சுவரில் மேப் மாட்டி, ஒட்டடைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டிப் பேசினேன்.

விஷயம், அலாஸ்கா.

ஏற்காட்டு மலையில் இருக்கிற எங்கள் ஊர் வெள்ளக்கடைக்கும் அலாஸ்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் கணவர் செல்வத்தின் அண்ணன் முருகேசன்தான் சம்பந்தம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவர் கனடாவில், வான்கூவர் என்கிற ஊரில் எஞ்சினியராக இருந்தார். போய்ப் பல வருஷம் ஆகியும் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருந்த மூத்த மகன் இப்படிப் போய்விட்டானே என்று என் மாமனாருக்குக் கோபம். "இனி நானா அவங்கூடப் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் அப்படியே நடந்தும் காட்டினார்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்வம் வைத்திருந்த மளிகைக் கடையில்தான் எங்களுக்கு போன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முருகேசன் கூப்பிடுவார். அத்தை பேசுவார். மாமா பேசமாட்டார், ஆனால் ஒரு வாரம்கூட வராமல் இருக்கமாட்டார். போனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, மிளகாய் மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருப்பார். (அதில் 'மிளகாய்' என்று ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கும்.)

அந்த வருஷம் முருகேசன் ஒரு காரியம் செய்தார். அப்பா, அம்மா இரண்டு பேரையும் கனடாவுக்கு வரச்சொல்லி, அங்கிருந்து எல்லோருமாக அலாஸ்காவுக்கு ஒரு வாரம் கப்பலில் போகலாம் என்று வழவழப்பான புத்தகம் ஒன்றை அனுப்பினார். அதில் இரண்டு வழிகளைப் பேனாவால் சுழித்திருந்தார். முதல் வழியில், வான்கூவரில் ஏறி, தீவுகளுக்கு நடுவே கரையோரமாகவே போய், நாலு ஊரைப் பார்த்துவிட்டு வான்கூவருக்கே திரும்பி வரலாம். இரண்டாவது வழியில் வடக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். திறந்த கடலைத் தாண்டி, பனியாறு கடலில் உடைந்து விழுகிற இடத்தைப் பார்த்து, கடைசி ஊரில் இறங்கி, மனுஷ நடமாட்டமில்லாத காட்டு வழியே ரயிலில் போய், விமானத்தில் திரும்ப வேண்டும். எது வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்து சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவேன் என்றார்.

மாமா புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காடு, மலை, பனி, வாயில் மீனோடு ஒரு கரடி.

"ஏம்பா செல்வம், பின்னாடிக் கதவத் தொறந்தா காடு. முன்னாடிக் கதவத் தொறந்தா மலை. காட்டுக்குள்ள இருக்கறவன எதுக்குக் காடு பாக்கக் கூப்புடறான் உங்கண்ணன்?"

"அது வேற காடுங்கப்பா."

"வேற காட்டுல வேற கரடியா?"

அத்தைக்குக் கரடி பெரிதாகத் தெரியவில்லை. கப்பல் மேல்தளத்தில் கையில் கிளாசோடு நின்ற நரைத்த தலை வெள்ளைக்காரத் தம்பதிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் எதுக்குங்க இப்படிப் பல்லக் காட்டிச் சிரிக்கறாங்க? என்ன கண்ணு இருக்குது அந்தக் கிளாசுல?"

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "மாமா, நான் பி.எஸ்ஸி. ஜாக்ரபிங்க. நான் பாத்துச் சொல்றேனுங்க."

நாலு மாசமாக என் படிப்பை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. காப்பிப் பழம் காயப்போடுவதற்கும் பி.எஸ்ஸி.க்கும் சம்பந்தமில்லை. கடைசியில் என் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். (எங்கள் சேலம் காலேஜ் புத்தகத்தில் அலாஸ்காவுக்கு ஒதுக்கிய இடம் அரைப்பக்கம். அந்த அரைப்பக்கமும் பரீட்சைக்கு வராது என்று மேடம் அடிக்கச் சொல்லிவிட்டார்கள்.)

மறுநாளே கூடத்துச் சுவரில் வட அமெரிக்கா மேப் ஏறியது. முதல் வழிக்குப் பச்சை நூல், இரண்டாவது வழிக்குச் சிவப்பு நூல். கப்பல் நிற்கும் ஊர்களுக்கு அத்தையின் ஸ்டிக்கர் பொட்டுகள். சாயங்காலம் ஆனால் மாமாவையும் அத்தையையும் உட்கார வைத்து வகுப்பு எடுப்பேன். தெரிந்ததைச் சொன்னேன், ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு தெரியாததைச் சொன்னேன்.

"அங்க ஜூன் மாசம் சூரியனே மறையாதுங்க."

"அப்ப வெளக்கு எப்பக் கண்ணு வெக்கறது?" என்றார் அத்தை.

"கடியாரத்தப் பாத்து ஆறு மணிக்கு வெக்கணுங்கத்தை."

"வெளிச்சம் இருக்கறப்பவேவா? லட்சுமி ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாளா?"

"அந்த ஊர் வழக்கம் அவங்களுக்குத் தெரியுங்கத்தை" என்றேன் கொஞ்சமும் கூசாமல்.

என் மனசு முழுக்க இரண்டாவது வழியில்தான் இருந்தது. பனியாறு, திறந்த கடல், ரயில்! அதை விட்டுவிட்டு யாராவது கரையோரமாகப் போய் வருவார்களா? (இவர்கள் போய்விட்டு வந்து பிரமாதம் என்றால், அடுத்த தடவை எங்களையும் கூப்பிடுவார்கள் என்று ஓரத்தில் ஒரு நப்பாசை.) மாமா மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீல நிறமாக இருந்த இடத்தை விரலால் தொட்டார்.

"இத்தனையும் தண்ணியா கண்ணு?"

"ஆமாங்க மாமா."

"எனக்கு நீச்சத் தெரியாது. நான் போட்டுலகூட ஏறுனதில்ல. நம்மளுக்கு ஒத்து வராது, வேண்டான்னு சொல்லிப்போடலாம்."

அத்தை எழுந்து உள்ளே போனார். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. மகனைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு வாரமாக அவர் எடுத்து வைத்திருந்த புதுச் சேலைகள் கட்டிலின் மேல் அப்படியே இருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் கண்ண மூடிட்டு பஸ்ல போறீங்க. கப்பல் அதைவிடக் கம்மியாத்தாங்க ஆடும்."

"பஸ்ஸு ரோட்டு மேல போவுது கண்ணு."

"ஒண்ணு பண்ணலாங்க மாமா. நாளானைக்கு போன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஏரில ஒரு வெள்ளோட்டம் போய்ப் பாத்துரலாம். பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லிருங்க. பயமில்லீன்னா ரெண்டாவது வழின்னு சொல்லிருங்க."

மாமா மறுக்கவில்லை. புது மருமகளிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. அந்த நல்ல குணத்தை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதுதான் மீதிக் கதை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் போட் ஹவுஸில் நின்றோம். வெள்ளோட்டம் என்றால் எல்லாம் அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே மாமாவுக்கு இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா. அத்தைக்குப் புடவை மேல் செல்வத்தின் ஜெர்கின், காலில் சாக்ஸ். சுற்றுலா வந்திருந்த ஒரு குழந்தை மாமாவைப் பார்த்து அழுதது.

படகுக்காரர் துடுப்புப் படகில் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மிதி படகுதான் வேண்டும், நாங்களே ஓட்டிக்கொள்வோம் என்றேன். "திருப்பற குச்சிய மெதுவாத் திருப்புங்க, வேகமா இழுக்காதீங்க" என்று அவர் சொன்னார். எல்லாம் தெரியும் என்பது போலக் கையை ஆட்டினேன்.

முன்னால் நானும் செல்வமும் உட்கார்ந்து மிதித்தோம். பின்னால் மாமாவும் அத்தையும். நான்தான் கேப்டன், நான்தான் வழிகாட்டி.

"இப்ப வான்கூவர விட்டுக் கெளம்பறோங்க. எடது பக்கம் பாருங்க, பனிமலை." (தூரத்தில் ஒரு லாட்ஜுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள்.) "வலது பக்கம் தண்ணிக்குள்ள கறுப்பாத் தெரியுது பாருங்க, அதான் திமிங்கலம்."

"அது டயருங்க" என்றார் செல்வம்.

"நீங்க மிதிங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் மாமா இரண்டு கையாலும் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். ஆனாலும் முகத்தில் அவ்வளவு பயம் தெரியவில்லை. அத்தையோ தண்ணீரில் விரலை விட்டு அளைந்துகொண்டு வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அங்கேயே திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "இப்பத் திறந்த கடலுக்குப் போறோம்!" என்று அறிவித்துவிட்டு ஏரியின் அந்தக் கோடிக்கு விட்டேன்.

ஏற்காட்டு மேகம் சொல்லிவிட்டு வராது. மலை மேலிருந்து இறங்கியது, ஏரியை மூடியது, முடிந்தது. கரை இல்லை, மரம் இல்லை, லாட்ஜ் இல்லை. எனக்கே செல்வத்தின் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"திருப்புங்க, போயர்லாம்" என்றார் செல்வம்.

திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் குச்சியை முழு பலத்தோடு இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது?

திருப்புகிற குச்சி இல்லாத மிதி படகு நேராகப் போகாது என்று அப்போதுதான் தெரிந்தது. மிதிக்க மிதிக்க, நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. சுற்றினோம். மறுபடியும் சுற்றினோம். மேகத்துக்குள்ளிருந்து மாமாவின் குரல், மரியாதை கொஞ்சமும் குறையாமல் வந்தது.

"ஏங்கண்ணு, சுத்திட்டுக் கெளம்புன எடத்துக்கே வர்ற வழின்னு சொன்னியே, இது அந்த வழியா?"

செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அதற்குள் படகு எதிலோ போய்ச் சிக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அத்தோடு மாமாவின் மரியாதையும் தீர்ந்தது.

"ஐயோ, சாமி! சேர்வராயா! முழுவுதுடா, முழுவுதுடா!" என்று எங்கள் மலைச் சாமியைக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். தூக்கின வேகத்தில் குரங்குக் குல்லா கழன்று தண்ணீரில் போனது. "சேர்வராயா, கரை சேத்தீன்னா மொட்டை போடறேன்!" என்றவர், நனைந்த கையால் தன் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே போடுவதற்கு ஒன்றும் இல்லை, பல வருஷமாகவே வழுக்கை. சாமியை ஏமாற்றக் கூடாது என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். உடனே திருத்திச் சொன்னார்:

"எம் மருமவளுக்குப் போடறேன்! முழு மொட்டை! இடுப்பு வரைக்கும் முடி, சாமி!"

"மாமா!" என்றேன் நான்.

"அப்பா!" என்றார் செல்வம்.

அத்தை மட்டும் எங்களைக் கவனிக்கவே இல்லை. மேகத்துக்குள் ஒரு பக்கமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க ஒரு கொக்கு இருக்குதுங்க" என்றார்.

"இப்பக் கொக்கு ஒண்ணுதான் கொறச்சலா?" என்று மாமா கத்தினார்.

"நிக்குதுங்க. நீந்தல, நிக்குது" என்றார் அத்தை. சாக்ஸைக் கழற்றி ஜெர்கின் பையில் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். நாங்கள் தடுப்பதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார். முழங்கால் வரைக்கும் வந்தது. அப்புறம் படகின் மூக்கைப் பிடித்து, கரும்பு வண்டி இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தார். செல்வமும் குதித்துப் பின்னாலிருந்து தள்ளினார். கரை அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. மாமா மட்டும் கடைசி வரைக்கும் கும்பிட்ட கையை இறக்காமல் தேர் மேல் சாமி மாதிரி வந்தார். நான் குச்சியோடு வந்தேன்.

கரையில் இருந்த சுற்றுலாக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் போட்டோவும் எடுத்தார்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. சேறும் பாசியுமாக நாங்கள் நாலு பேரும், உப்பும் புளியும் வாங்க வந்த கூட்டமும் போனைச் சுற்றி நின்றோம். செல்வம் எடுத்து, "அண்ணா, அது வந்து..." என்று இழுத்தார். மாமா தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "வரலீன்னு சொல்லு. கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பம் பல வருஷமாகக் காத்திருந்த ஒன்றை, ஒரு வாரத்தில், ஒட்டடைக் குச்சியை வைத்துக்கொண்டு நான் கெடுத்துவிட்டேன்.

அத்தை போனைப் பிடுங்கினார். "முருகேசா, உங்கப்பன் வராட்டிக் கெடக்கட்டும். எனக்கு ஒரு டிக்கெட்டப் போடு. ரெண்டாவது வழிதான். பனி ஒடஞ்சு உழுவறத நான் பாக்கோணும்... பயமா? எனக்கென்ன சாமி பயம்? கப்பலு நின்னு போச்சுன்னா எறங்கி இழுத்துட்டு வந்துருவேன்."

கடையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அத்தையின் ஈரப் புடவையையும், சேறு அப்பிய காலையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மிளகாய் மூட்டையை விட்டு நகர்ந்து வந்து கையை நீட்டினார். அத்தை போனைக் கொடுத்தார்.

மாமா அதைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவே நின்றார். அந்தப் பக்கமும் சத்தமில்லை. வெளிநாட்டு போனுக்கு அண்ணனுக்கு ஆகிற காசை நினைத்துச் செல்வத்துக்கு வியர்த்தது.

"நல்லா இருக்கறயா சாமி?" என்றார் மாமா கடைசியில். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவள ஒத்தையில உட முடியாது. ரெண்டாப் போடு" என்று சொல்லிவிட்டு டக்கென்று போனை வைத்துவிட்டார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். சேர்வராயன் இருக்கிறாரே!

அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார். கண்ணைப் பார்க்காமலே பேசினார். "பயத்துல வாய் ஒளறிப்போச்சு கண்ணு. ஆனா சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான். அதச் செய்யாம நான் கப்பல்ல கால வெக்க மாட்டேன். நீ முடியாதுன்னு சொன்னா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். போவல, அவ்வளவுதான்."

செல்வம் எனக்காக வாதாடினார். "பூமுடி குடுக்கலாங்கப்பா. நுனியில ரெண்டு விரல் அளவு வெட்டிக் குடுத்தாப் போதும்."

"நான் முழு மொட்டைன்னு சொல்லிப்போட்டனே."

"சாமி விட்டுக்குடுப்பாருங்க."

"இடுப்பு வரைக்கும்னு அளவு வேற சொல்லிப்போட்டேன்" என்றார் மாமா பரிதாபமாக.

என் முடி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இதே மாமா, "பொண்ணு மூஞ்சியக்கூட நான் சரியாப் பாக்கல, சடையப் பாத்தேன், போதும்னுட்டேன்" என்று சொன்னாராம். ராத்திரி முழுக்க அழுதேன். இடையிடையே அந்த போன் பக்கத்தில் அவர் பேசாமல் நின்ற நேரமும் ஞாபகம் வந்தது. விடிந்ததும் சரி என்று சொல்லிவிட்டேன். (நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். குச்சியைப் பிடுங்கியது நான்தானே?)

மே மாசத் திருவிழாவில் சேர்வராயன் குகைக் கோயிலில் வைத்து மொட்டை போட்டார்கள். "குனிங்க, குனிங்க" என்று எல்லோரும் கத்தியும், குகைக்குள் நுழைகிறபோது பாறையில் மண்டை இடித்தது. முடி இருந்திருந்தால் கொஞ்சம் மெத்தென்று இருந்திருக்கும். அத்தை எனக்குத் தலை முழுக்கச் சந்தனம் பூசிவிட்டார். மாமா பூசாரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அளவு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

அவர்களை வழியனுப்ப மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போனபோது ஜூன் மாச வெயில். வேர்த்து வழிந்துகொண்டு, குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான், அதுவும் பிரயாணம் போகாதவள். "அலாஸ்காவுக்குப் போறவங்க நீங்களாம்மா?" என்று ஒரு போர்ட்டர் அக்கறையாக விசாரித்தார்.

கப்பல் ஆடவே இல்லையாம். அத்தை எல்லா நாளும் மேல்தளத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். சூரியனும் ஒழுங்காக மறைந்ததாம், என்ன, கொஞ்சம் லேட்டாக. திரும்பி வந்து, பக்கத்து ஊரான செம்மநத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அலாஸ்காக் கடல் பயமாக இருந்ததா என்று யாரோ மாமாவிடம் கேட்டார்கள். பந்தலே கேட்கிற மாதிரி அவர் சொன்ன பதில்: "கடல்ல என்னங்க பயம்? எங்கூட்டு மருமவ ஓட்டுன போட்டுலதான் நொம்பப் பயமுங்க."

அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், பழனியோ சிங்கப்பூரோ, முதல் கேள்வி "மொட்டை யாருக்கு?" என்பதுதான். முருகேசனின் மகள் வான்கூவரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் இந்த இரண்டு வார்த்தையையும் சுத்தமாகச் சொல்வாள். போன மாசம் அவள் போன் செய்தாள். கல்யாணம் முடிந்து புருஷனோடு கப்பலில் போகப்போகிறாளாம்.

"சித்தி, ரெண்டு ரூட் இருக்கு. எதுல போறது? நீங்க சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. எனக்குத் தெரியாது கண்ணு, சித்தப்பாவைக் கேள் என்று சொல்லிவிட்டு செல்வத்திடம் போனைக் கொடுத்தேன். அப்போதுதான் பார்க்கிறேன், என் இன்னொரு கை எப்போதோ போய்ப் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.